உடைந்த தோளோடு மூன்று பந்துகள்: கினுகாசாவின் 2,215 ஆட்டங்கள்

1970களிலும் 80களிலும் ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் 130 ஆட்டங்கள். 17 சீசன் என்றால் 2,210. அதோடு 1970 சீசனின் கடைசி ஐந்து ஆட்டங்களையும் சேர்த்தால் 2,215 வரும். ஹிரோஷிமா கார்ப் அணியின் சச்சியோ கினுகாசா, 1970 அக்டோபரிலிருந்து 1987 அக்டோபர் வரை, தன் அணி ஆடிய ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் களமிறங்கிய கணக்கு இது. காய்ச்சல், தசைப்பிடிப்பு, ஃபார்ம் இழப்பு, எலும்பு முறிவு எல்லாமே இந்தப் பதினேழு ஆண்டுகளுக்குள்தான் வந்தன. ஜப்பானில் இந்தச் சாதனையை இன்றுவரை யாரும் எட்டவில்லை.

இப்படி ஒரு எண்ணைப் பார்த்ததும், ஆள் இரும்பு உடம்புக்காரர் போலிருக்கிறது, அடியே படாதவர் போலிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதற்கு நேர் எதிர். ஜப்பானிய பேஸ்பால் வரலாற்றில் அதிகமாகப் பந்தடி வாங்கிய பேட்டர்களில் கினுகாசாவும் ஒருவர். பிட்சர் எறியும் பந்து பேட்டரின் உடம்பில் பட்டால், ஓட்டமெடுக்க வரிசையாகத் தொட வேண்டிய நான்கு பேஸ்களில் முதலாவது பேட்டருக்கு இலவசம். கினுகாசாவுக்கு அப்படி 161 முறை கிடைத்தது. கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இதன் கனம் சட்டென்று உறைக்காது. கிரிக்கெட்டில் பந்து பெரும்பாலும் தரையில் குத்தி வேகம் குறைந்து வருகிறது. பேட்ஸ்மேனுக்குக் காலில் பேட், கையில் தடித்த கிளவுஸ். பேஸ்பாலில் 18 மீட்டர் சொச்சம் தூரத்திலிருந்து பந்து தரையைத் தொடாமல் நேராக உடம்புக்கு வருகிறது. அந்தக் காலத்து பேட்டருக்குத் தலையில் ஒரு ஹெல்மெட், அவ்வளவுதான். அதனால் இந்தச் சாதனையைப் புரிந்துகொள்ள 2,215-ஐ விட 161-தான் நல்ல தொடக்கம் என்று நான் நினைக்கிறேன்.

கினுகாசா 1947 ஜனவரியில் கியோட்டோவில் பிறந்தவர். தாய் ஜப்பானியர்; தந்தை, போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படையைச் சேர்ந்த கறுப்பினத்தவர். அன்றைய ஜப்பானில் அந்தத் தோற்றத்தோடு ஒரு பையன் வளர்வது சுலபமாக இருந்திருக்காது. கினுகாசா அதைப் பற்றிப் பொதுவெளியில் அதிகம் பேசியதில்லை, எனவே நாமும் ஊகித்து நிரப்ப வேண்டியதில்லை. கியோட்டோவின் ஹெய்யான் உயர்நிலைப் பள்ளியில் அவர் கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் இருந்து பிட்சரின் பந்தைப் பிடிப்பவர். 1964-ல் வசந்தகாலம், கோடைகாலம் இரண்டு கோஷியன் போட்டிகளிலும் ஆடினார். ஜப்பானில் கோஷியன் என்பது பள்ளிப் போட்டிதான் என்றாலும் நாடே உட்கார்ந்து பார்க்கும். அடுத்த ஆண்டே ஹிரோஷிமா அவரை எடுத்துக்கொண்டது.

ஆரம்பம் அப்படியொன்றும் ஒழுங்காக இல்லை. ஒப்பந்தப் பணம் கைக்கு வந்ததும் பையன் ஃபோர்டு கேலக்ஸி என்ற பெரிய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கிவிட்டார். ஆட்டத்தைவிடக் காரோட்டுவதில் கவனம் அதிகம் என்று அணியில் எல்லோருக்கும் கவலை. கேட்சராகவும் அவர் நிலைக்கவில்லை. முதல் பேஸைக் காக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். 1968-ல்தான் அந்த இடத்தில் நிரந்தரமாக உட்கார்ந்து 21 ஹோம் ரன் (நம்ம ஊர் சிக்ஸர் போல வேலி தாண்டும் அடி) அடித்தார். 1970-ல் பேட்டிங் பயிற்சியாளராக வந்த ஜுன்சோ செகினே பற்றி ஒரு கதை உண்டு. இரவு குடித்துவிட்டு நேரம் கழித்துத் திரும்பும் கினுகாசாவுக்காக அவர் தூங்காமல் காத்திருப்பாராம். வந்ததும் திட்டுவதில்லை. மட்டையைக் கையில் கொடுத்து, சரி, இன்றைய பயிற்சியைத் தொடங்கு என்பாராம். தொடர் ஆட்டக் கணக்கு ஆரம்பித்ததும் அதே 1970-ன் கடைசியில்தான்.

‘இரும்பு மனிதன்’ என்ற பட்டம் இந்தச் சாதனையால் வந்தது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது முன்பே ஒட்டிக்கொண்டது. அவருடைய முதல் ஜெர்சி எண் 28. அப்போது பிள்ளைகளிடையே மிகவும் பிரபலமாக இருந்த ஒரு ராட்சத ரோபோ காமிக்ஸின் பெயரும் ‘இரும்பு மனிதன் 28’ என்றுதான் இருந்தது. பெயர் முதலில் வந்தது, அதற்கேற்ற வாழ்க்கை பின்னால் வந்தது.

கினுகாசாவைப் பற்றிப் பேசும்போது ஹிரோஷிமா கார்ப்பைப் பற்றியும் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஜப்பானில் பெரும்பாலான அணிகள் ஏதாவதொரு பெருநிறுவனத்தின் சொத்து: செய்தித்தாள், ரயில்வே, இறைச்சிக் கம்பெனி என்று. 1950 சீசனில் களமிறங்கிய கார்ப்புக்கு அப்படி எவரும் இல்லை. அணுகுண்டு விழுந்து ஐந்து ஆண்டு ஆகாத ஊர் தன்னையே நம்பித் தொடங்கிய அணி அது. 1951-ல் சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் அணியைக் கலைக்கும் நிலை வந்தபோது, மைதான வாசலில் சாக்கே மதுப் பீப்பாய்களை வைத்து ரசிகர்களிடம் பணம் திரட்டினார்கள். 1957-ல் கட்டிய ஹிரோஷிமா நகராட்சி மைதானம் அணுகுண்டு நினைவுக் கட்டடத்துக்கு எதிரிலேயே இருந்தது. அந்த ஊருக்கு மாலையில் ஆட்டம் பார்க்கப் போவது வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஆனால் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு சாம்பியன் பட்டம்கூட இல்லை.

திருப்பம் 1975. ஜோ லுட்ஸ் என்ற அமெரிக்கர் மேலாளராக வந்தார். கருநீலத் தொப்பியைச் சிவப்பாக மாற்றினார். முதல் பேஸுக்குக் கெயில் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்க வீரரை வைத்துக்கொண்டு, கினுகாசாவை மூன்றாம் பேஸுக்கு அனுப்பினார். நடுவர் தீர்ப்பு ஒன்றில் சண்டை போட்டுக்கொண்டு லுட்ஸ் ஏப்ரலிலேயே விலகிவிட்டார், அது வேறு கதை. அவர் செய்துவிட்டுப் போன மாற்றங்கள் நின்றன.

மூன்றாம் பேஸ் என்பது இன்ஃபீல்டின், அதாவது பேஸ்களைச் சுற்றிய உள்மைதானத்தின், சூடான மூலை. வலக்கை பேட்டர் முழு வேகத்தில் இழுத்து அடித்தால் பந்து அங்கேதான் வரும். முதல் பேஸ்காரர் பெரும்பாலும் மற்றவர்கள் எறிவதைப் பிடிக்கிறார். மூன்றாம் பேஸ்காரர் பாய்ந்து தடுத்து, எழுந்து, மைதானத்தின் குறுக்கே நீளமாக எறிய வேண்டும். பத்து ஆண்டு தொழில்முறை ஆட்டம் முடிந்த பிறகு, 28 வயதில், எளிதான இடத்திலிருந்து கடினமான இடத்துக்குப் போவது சாதாரண விஷயமில்லை. வழக்கமாக வயது ஏற ஏற வீரர்கள் எதிர்த்திசையில்தான் போவார்கள். கினுகாசா அங்கே போய் 1980, 84, 86 ஆண்டுகளில் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டன் கிளவ் விருது வாங்கினார். கடைசி விருதின்போது அவருக்கு 39 வயது.

அந்த 1975-ல் ஹிரோஷிமா முதல் முறையாக, ஜப்பானின் இரண்டு லீக்குகளில் ஒன்றான சென்ட்ரல் லீக்கின் பட்டம் வென்றது. அக்டோபர் 15 அன்று டோக்கியோவின் கொராகுவென் மைதானத்தில் யோமியூரி ஜயன்ட்ஸை 4-0 என்று வீழ்த்தி உறுதிசெய்தார்கள். ஜயன்ட்ஸ் அந்த ஆண்டு கடைசி இடம். அந்த ஆண்டு ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் கினுகாசாவும் அணித் தோழர் கோஜி யமமோட்டோவும் ஆளுக்கு இரண்டு ஹோம் ரன் அடித்தார்கள். ஏழை அணி என்று பார்த்த கண்கள் அன்றோடு மாறின.

இனி 1979. கினுகாசாவின் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆண்டைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அந்த ஆண்டு ஆரம்பத்தில் அவர் கையில் இன்னொரு தொடர் கணக்கும் இருந்தது. தொடர்ச்சியாக ஆட்டங்களில் பங்கேற்பது ஒன்று; ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் இன்னிங்ஸிலிருந்து கடைசிவரை வெளியேறாமல் ஆடுவது இன்னொன்று. இரண்டாவது கணக்கில் அவர் 678 ஆட்டங்களை எட்டியிருந்தார். ஹன்ஷின் டைகர்ஸின் ஹிதேஷி மியாகே வைத்திருந்த 700 என்ற சாதனைக்கு இன்னும் 22 ஆட்டங்கள்தான். ஆனால் மட்டை பேசவில்லை, மோசமான ஃபார்ம். மே மாத இறுதியில் மேலாளர் தகேஷி கோபா அவரைத் தொடக்க அணியிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு கணக்கு அங்கேயே அறுந்தது. இன்னொன்றை, ஆட்டத்தின் நடுவில் பிஞ்ச் ஹிட்டராக இறங்கிக் காப்பாற்றிக்கொண்டார். இன்னொருவருக்குப் பதிலாக ஒரே ஒரு முறை மட்டை பிடிக்க வருபவர்தான் பிஞ்ச் ஹிட்டர்.

கோபா செய்தது சரியா? ஓர் அணியின் மேலாளராக அவர் செய்தது சரிதான் என்றே எனக்குப் படுகிறது. ஒருவரின் சாதனைக்காக அணியைத் தோற்க விட முடியாது. ஆனால் 22 ஆட்டம் மீதியிருக்கையில் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் இது திரும்ப வரும்.

ஆகஸ்ட் 1, ஹிரோஷிமாவில் ஜயன்ட்ஸுடன் ஆட்டம். பிட்சர் தகாஷி நிஷிமோட்டோ. உள்ளே சீறி வந்து திரும்பும் பந்துதான் அவர் ஆயுதம். வலக்கை பேட்டரின் இடது தோள் பிட்சரைப் பார்த்திருக்கும். முகத்தையும் விலாவையும் காப்பாற்ற உடம்பை உள்பக்கமாகத் திருப்பினால், முதுகும் தோள்பட்டையும் பந்துக்கு நேராக வரும். அன்று அப்படித்தான் ஆனது. பந்து இடது தோள்பட்டை எலும்பில் பட்டு, எலும்பு முறிந்தது. இரண்டு அணியும் களத்தில் பாய்ந்து கைகலப்பு. அந்தக் களேபரத்தில் மன்னிப்புக் கேட்க வந்த நிஷிமோட்டோவிடம், எனக்கு ஒன்றுமில்லை, இங்கே நிற்காதே, ஆபத்து, பெஞ்சுக்குப் போ என்று கினுகாசா சொன்னதாகச் சொல்வார்கள். மருத்துவர் இரண்டு வாரம் ஓய்வு என்றார்.

அப்போது தொடர் ஆட்டக் கணக்கு 1,100-ஐத் தாண்டியிருந்தது. முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் அதே ஜயன்ட்ஸ். பிட்சர், அந்த நாளில் நாட்டிலேயே பெரிதும் பேசப்பட்ட வேகக்காரர் சுகுரு எகாவா. கினுகாசா பிஞ்ச் ஹிட்டராக வந்து நின்றார். பந்தை மெதுவாகத் தொட்டுவிட்டு ஒதுங்கியிருக்கலாம். மட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு மூன்று ஸ்ட்ரைக்கையும் விட்டிருக்கலாம் (அடிக்காமல் விட்ட நல்ல பந்தும், சுழற்றித் தவறிய பந்தும் ஸ்ட்ரைக்; மூன்று ஆனால் அவுட்). கணக்குக்கு அது போதும். அவர் மூன்று பந்துக்கும் முழு வேகத்தில் மட்டையைச் சுழற்றினார். மூன்றும் காற்றில் போயின. ஸ்ட்ரைக் அவுட். ஆட்டம் முடிந்ததும் அவர் சொன்னது ஜப்பானில் இன்றும் பேசப்படுகிறது: முதல் பந்துக்குச் சுற்றியது ரசிகர்களுக்காக, இரண்டாவது தனக்காக, மூன்றாவது நிஷிமோட்டோவுக்காக.

மூன்றாவதுதான் முக்கியம். பேட்டரை முடக்கிவிட்டோமே என்ற குற்ற உணர்வு ஒரு பிட்சருக்குள் புகுந்துவிட்டால் அப்புறம் உள்பக்கம் வீச அவருக்குக் கை வராது. நிஷிமோட்டோவுக்கு அந்தப் பந்துதான் சோறு போடுகிறது. நான் முழு பலத்தோடு சுழற்றுகிறேன் பார், உன்னால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று எதிரணிக்காரருக்குக் காட்டிய சுழற்று அது.

நவம்பர் 4. இரண்டு லீக்குகளின் சாம்பியன்களும் மோதும் ஜப்பான் சீரிஸின் ஏழாவது ஆட்டம், ஒசாகாவில். ஹிரோஷிமா 4, கின்டெட்சு பஃபலோஸ் 3. கடைசி இன்னிங்ஸில் ஒரு அவுட்கூட விழாமல் மூன்று பேஸிலும் ஆள் நிறைந்துவிட்டது. பந்து ஹிரோஷிமா பிட்சர் யுதாகா எனாட்சுவின் கையில். அந்த நேரத்தில் கோபா வேறு பிட்சர்களைத் தயார் செய்ய அனுப்பியதை எனாட்சு பார்த்துவிட்டார். என்னை நம்பவில்லையா என்று கோபம் பொங்கியது. அப்போது கினுகாசா பிட்சர் மேட்டுக்கு ஓடி வந்தார். உனக்கு இருக்கும் அதே மனநிலைதான் எனக்கும், அங்கே பார்க்காதே, பந்தைப் பார் என்ற பொருளில் பேசினார். எனாட்சு பின்னாளில் பலமுறை, அந்தப் பேச்சுதான் தன்னை நிதானத்துக்குக் கொண்டுவந்தது என்று சொல்லியிருக்கிறார். எதிரில் நின்ற பேட்டர் ஸ்ட்ரைக் அவுட். அதற்கடுத்து, மெல்லத் தட்டி ஓட்டமெடுக்க எதிரணி முயன்றபோது எனாட்சு வீசும்போதே அதைக் கண்டுகொண்டு பந்தை எட்டாத இடத்துக்கு மாற்றினார். மூன்றாம் பேஸ் ஓட்டக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டார். ஹிரோஷிமாவுக்கு முதல் ஜப்பான் சீரிஸ் பட்டம்.

அந்த மேட்டுக்கு ஓடி வர வேறு யாருக்கும் தோன்றாமல் கினுகாசாவுக்கு மட்டும் ஏன் தோன்றியது? மே மாதம் அதே மேலாளர் அதே மாதிரி அவரையும் நம்பாமல் உட்கார வைத்திருந்தார் என்பதுதான் என் விளக்கம். எனாட்சுவின் கோபம் என்ன நிறம் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி. ஒரே ஒரு முறை மட்டை பிடித்து அவுட்டானதை ஓர் ஆட்டமாகக் கணக்கில் சேர்க்கலாமா? விதி தெளிவாக இருக்கிறது. ஃபீல்டிங்கில் அரை இன்னிங்ஸ் நிற்க வேண்டும், அல்லது ஒரு முறை மட்டை பிடித்து, பேஸுக்குப் போயோ அவுட்டாகியோ முடிக்க வேண்டும். இது எவ்வளவு கறாரான விதி என்பதற்கு ஹன்ஷினின் தோமோஅகி கனெமோட்டோ சாட்சி. 2011 ஏப்ரலில் அவர் பிஞ்ச் ஹிட்டராக வந்து நின்றார். அவர் மட்டை பிடித்துக்கொண்டிருக்கும்போதே பேஸில் இருந்த சக வீரர் அடுத்த பேஸைத் திருட, அதாவது பந்து அடிக்கப்படாமலே போய்ப் பிடிக்க, ஓடி அவுட்டானார், இன்னிங்ஸ் முடிந்தது. கனெமோட்டோ ஃபீல்டிங்குக்கும் போகவில்லை. 1,766-ல் அவர் கணக்கு அப்படியே நின்றுவிட்டது.

ஒப்புக்கு இறங்கிக் கணக்கைக் காப்பாற்றிக்கொண்டது கினுகாசா மட்டுமில்லை. அமெரிக்காவின் லூ கெரிக், 1934 ஜூலையில் முதுகு வலியால் நிமிர முடியாதபோது, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) என்று பட்டியலில் பெயர் போட்டு, முதல் ஆளாக மட்டை பிடித்து, ஒரு ஹிட் அடித்துவிட்டு வெளியேறினார். அதுவும் அவருடைய 2,130-ல் ஒன்று. இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2,215-ல் எந்த ஆட்டம் அந்த மனிதரை முழுதாகக் காட்டுகிறது என்று கேட்டால், அந்த மூன்று பந்து ஆட்டத்தைத்தான் சொல்வேன்.

கெரிக், இன்னொரு அமெரிக்கரான கால் ரிப்கென், கினுகாசா மூவரையும் வரிசையில் நிறுத்துவது வழக்கம். எண்ணை மட்டும் பார்த்தால் 2,632 ஆட்டங்களோடு ரிப்கென் முதலிடம். காலத்தைப் பார்த்தால் வரிசை மாறும். கெரிக்குடையது ஏறக்குறைய 14 ஆண்டுகள். ரிப்கெனுடையது 1982 மே முதல் 1998 செப்டம்பர்வரை, 16 ஆண்டு சொச்சம். கினுகாசாவுடையது 17 ஆண்டுகள். ஜப்பானில் பெரும்பாலும் திங்கட்கிழமை ஆட்டம் இல்லை. அமெரிக்காவில் அந்த வசதி கிடையாது, 162 ஆட்டம், நீண்ட பயணம். வாரம் ஒரு நாள் ஓய்வு கினுகாசாவுக்கு உதவியது என்பதை மறைக்க வேண்டாம். அதே நேரம், ஒரு வீரருக்கு வயது ஆவது ஆட்டங்களின் எண்ணிக்கையால் இல்லை, ஆண்டுகளால்தான். 23 வயதில் தொடங்கியதை 40 வயதில் முடிப்பது வேறு வகைச் சுமை.

இந்தச் சாதனையின் நிழலில் ஆட்டக்காரர் கினுகாசா மறைந்துபோகிறார் என்பது என் மனக்குறை. 504 ஹோம் ரன், 2,543 ஹிட், 266 பேஸ் திருட்டு. 1976-ல் லீக்கிலேயே அதிகமாக, 31 பேஸ் திருடினார். முழு வேகத்தில் சுழற்றும் பவர் ஹிட்டர் ஒருவர் திருட்டிலும் முதலிடம் என்பது அபூர்வம். 1984-ல், 37 வயதில், தொழில்முறையில் இருபதாவது சீசனில், முதல் முறையாக .300 என்ற பேட்டிங் சராசரியை (பத்து முயற்சிக்கு மூன்று ஹிட்) தாண்டினார்: .329, 31 ஹோம் ரன். 102 ஆர்பிஐ (தன் அடியால் அணிக்குக் கிடைத்த ஓட்டங்கள்) எடுத்து அதிலும் லீக் முதலிடம், லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது. ஹிரோஷிமா மூன்றாவது முறை ஜப்பான் சீரிஸ் வென்றது. பாதியில் ஒருநாள் ஓய்வு எடுத்திருந்தால் இன்னும் நன்றாக ஆடியிருப்பார் என்று வாதிடுபவர்கள் 1984-க்கு என்ன பதில் சொல்வார்கள் என்று கேட்க ஆசை.

1987 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் சூனிச்சி டிராகன்ஸுக்கு எதிராக 2,131-வது ஆட்டம். கெரிக்கின் எண்ணைக் கடந்தார். அதே மாதம் அரசின் தேசிய கௌரவ விருது. பேஸ்பாலில் ஹோம் ரன் சாதனையாளர் சதஹாரு ஓவுக்குப் பிறகு இவருக்குத்தான். அந்த சீசனின் 130 ஆட்டங்களையும் முடித்துவிட்டு ஓய்வு பெற்றார். கெரிக்கை நோய் நிறுத்தியது. ரிப்கென் ஒருநாள், இன்று வேண்டாம் என்று தானே சொல்லி உட்கார்ந்தார். கினுகாசாவின் கணக்கோ அறுபடவே இல்லை. ஆட வேண்டிய ஆட்டங்கள் தீர்ந்ததால் நின்றது. பின்னாளில் அவர் அணிந்த எண் 3-ஐ அணி வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

1996 ஜூன் 14 அன்று கான்சஸ் சிட்டியில் ரிப்கென் 2,216-வது ஆட்டம் ஆடியபோது, தன் உலக சாதனை பறிபோவதைப் பார்க்க கினுகாசா நேரில் போயிருந்தார். வருத்தத்தோடு போகவில்லை, வாழ்த்தத்தான் போனார். அந்த ஆண்டே ஜப்பானின் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். இவ்வளவு பெயர் வாங்கியவர் ஓய்வுக்குப் பின் மேலாளராகவோ பயிற்சியாளராகவோ எந்த அணியிலும் இருந்ததில்லை, வர்ணனையாளராகவே இருந்தார். 2018 ஏப்ரல் 23 அன்று, 71 வயதில், குடல் புற்றுநோயால் இறந்தார். நான்கு நாளுக்கு முன்புகூட யோகோஹாமாவில் ஓர் ஆட்டத்துக்கு, கரகரத்துப்போன குரலில் வர்ணனை செய்திருக்கிறார்.

அவருக்கு மிக அருகில் வந்தவர் ஹன்ஷினின் தகாஷி தொரிதானி, அவரும் இன்ஃபீல்டர். 2017 மே மாதம் ஜயன்ட்ஸ் பிட்சரின் பந்து முகத்தில் பட்டு மூக்கெலும்பு முறிந்தது. மறுநாள் முகக் கவசத்தோடு பிஞ்ச் ஹிட்டராக வந்து நின்றார். ஓர் ஆண்டு கழித்து, கினுகாசா இறந்த அடுத்த மாதம், அவருடைய கணக்கு 1,939-ல் முடிந்தது. இன்னும் 276 ஆட்டங்கள் இருந்தன. இப்போது ஜப்பானில் ஒரு சீசனுக்கு 143 ஆட்டம். ஒருவர் 2,215-ஐத் தாண்ட வேண்டுமென்றால் பதினைந்து சீசன்களை முழுதாக முடித்துவிட்டு, பதினாறாவதிலும் பாதி வரை ஒரு நாள்கூட விடாமல் ஆட வேண்டும்.